தடை என்றொரு கட்டம்

ஜனவரி 10

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

அவருடைய கிருபையால் நானும் என் மனைவியும் அப்பாவும் சுகம். உங்கள் சுகத்துக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் நான் பிரசங்கம் பண்ணுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் அலுக்கும்போது மடித்து வைக்கலாம் என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறேன்.

இத்தனை வருஷமும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போனேன், வந்தேன். தேவனை ஒருநாளாவது அனுபவித்தேனா என்றால் இல்லை. இருதயத்தை ஆயத்தப்படுத்தாமல் போனதுதான் காரணம் என்று எங்கள் விடியல் ஐக்கிய ஜெபக் குழுவில் தெளிவாகக் காட்டினார்கள். புது வருஷத்திலிருந்து தினமும் காலை நாலே முக்கால் முதல் ஆறரை வரை பின்னறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்காருகிறேன். ஆளுக்கொரு பதிவேடு தந்திருக்கிறார்கள். உட்கார்ந்த நேரம், வந்த தடை, ஜெயித்தேனா, தேவனுடைய சமுகத்தை உணர்ந்தேனா என்று நாலு கட்டம். நூறு நாள் விடாமல் எழுத வேண்டும். இன்று பத்தாம் நாள். கடைசிக் கட்டத்தில் இன்னும் 'இல்லை' என்றுதான் எழுதுகிறேன். ஆனாலும் சோர்ந்துபோகவில்லை.

கோபிக்க வேண்டாம் அக்கா. உங்கள் இருதயம் ரொம்பக் கடினப்பட்டிருக்கிறது. நீங்களும் ஆயத்தமாக வேண்டும் என்பதே என் பாரம்.

கிறிஸ்துவின் அன்பில்,
தம்பி

ஜனவரி 19

தம்பிக்கு,

நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியில் முனகுகிறது. உன் கடிதத்தை மூன்று முறை மடித்து வைத்து ஒருவழியாகப் படித்து முடித்தேன்.

பஸ் டெப்போவில் இருபது வருஷமாக டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிஷம் லேட் என்று சிவப்பு மையில் எழுதிய கை சும்மா இருக்குமா? இப்போது கடவுளுக்கும் டிரிப் ஷீட் போட ஆரம்பித்துவிட்டாய். நாலே முக்காலுக்கு வர வேண்டியவர் வரவில்லை என்றால் 'இல்லை' என்று எழுதிவிடுகிறாயாம். பாவம் அவர். மெமோ எப்போது கொடுக்கப் போகிறாய்?

ஆயத்தத்தைப் பற்றி எனக்கு நீ பாடம் நடத்தாதே. இருபத்தாறு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கத்தரியும் கவ்வியும் என் கையைத் தாண்டித்தான் போகின்றன. விரித்துத் திறந்து பிரஷ் போட்டுத் தேய்த்து, துணியில் கட்டி, நீராவியில் வேகவைத்து, மேலே ஒட்டிய டேப்பில் வெந்ததற்கு அடையாளமாகக் கோடு கறுத்திருக்கிறதா என்று பார்த்து அனுப்புவேன். எதற்கு? அந்தப் பக்கம் ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான், அவனுக்கு. கட்டிய மூட்டையை பீரோவில் பூட்டி, அதற்கு முன்னால் உட்கார்ந்து, ஆகா எவ்வளவு சுத்தம் என்று உருகுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

ஒரே ஒரு கேள்வி. உன் வீட்டுக்காரி பேக்கரிக்கு நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறாள். பக்கவாதம் வந்த மனுஷர் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். நீ உள்ளே தாழிட்டுக்கொண்டால் அப்பாவை யார் பார்க்கிறார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது, போதும். உன் பாரத்தை இறக்கி வை.

அக்கா

பிப்ரவரி 6

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

சுகம். உங்கள் முழங்காலுக்காக ஐக்கியத்தில் எல்லோரும் ஜெபித்தோம். இப்போது வலி குறைந்திருக்கும் என்று விசுவாசிக்கிறேன்.

உங்கள் பரியாசத்தை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படிப் பேசுவார்கள் என்று முன்கூட்டியே எங்களை எச்சரித்திருக்கிறார்கள். இன்று முப்பத்தேழாம் நாள். உட்கார உட்காரத்தான் இருதயத்துக்குள் எத்தனை குப்பை என்று தெரிகிறது. தடைகளும் கூடுகின்றன. ஒருநாள் பால்காரர் மணி அடித்தார். ஒருநாள் போன். ஒருநாள் வீட்டிலுள்ளவர்களின் சத்தம். நமக்கு வேண்டாதவர்களை வைத்துச் சத்துரு நம்மை எழுப்ப மாட்டான், பிரியமானவர்களின் குரலிலேயே வந்து எழுப்புவான் என்று ஐக்கியத் தலைவர் சொன்னார். எவ்வளவு உண்மை! அசையாமல் உட்கார்ந்து ஜெயித்தேன். தேவ சமுகத்தின் கதவுக்கு வெகு சமீபத்தில் இருக்கிறேன் என்று ஒரு நிச்சயம் வந்திருக்கிறது.

அப்பா சுகமாக இருக்கிறார். உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

தம்பி

பிப்ரவரி 13

தம்பிக்கு,

உங்கள் ஜெபத்துக்கு நன்றி. வலது முழங்காலோடு இப்போது இடதும் சேர்ந்துகொண்டது.

கேட்ட கேள்விக்குப் பதிலைக் காணோம். அதற்குப் பதில் உன் இருதயத்தின் குப்பையை அளந்திருக்கிறாய். அந்நேரத்தில் உன் வீட்டில் இருப்பது நீயும் அப்பாவும். அந்த 'வீட்டிலுள்ளவர்கள்' யார், பூனையா?

நம் அப்பா ஒரு பிளம்பர். அவர் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. வீட்டு ஜெபத்தில் நாம் நாலு பேரும் முழங்காலில் இருக்கும்போது யாராவது வாசலில் வந்து குழாய் வெடித்துவிட்டது என்றால், ஆமென் வரைக்கும்கூட நிற்க மாட்டார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். அம்மா பல்லைக் கடிப்பாள். "ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரமில்ல, அவங்க வீட்டுலதான் தண்ணி ஓடுது" என்பார். அவருக்குப் பிறந்த நீ இப்படி மணிக்கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு எதைத் தேடுகிறாய் என்று எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பாக வருகிறது, எரிச்சலாகவும் வருகிறது.

திரும்பவும் கேட்கிறேன். காலையில் அப்பாவை யார் கூட்டிப்போகிறார்கள்?

அக்கா

மார்ச் 20

அன்பான அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக எழுதாததற்கு மன்னிக்கவும்.

சொல்லத் தயக்கமாக இருந்தது. போன மாதம் இருபத்தேழாம் தேதி காலையில் அப்பா கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடுவில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். நான் அன்றைக்குச் சீக்கிரமே டியூட்டிக்குப் போயிருந்தேன். என் மனைவி வந்துதான் பார்த்தாள். எல்லாவற்றிலும் தேவனுக்கு ஒரு சித்தம் உண்டு. நீங்கள் பதறிக்கொண்டு வர வேண்டாம் என்றுதான் உடனே சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 31

தம்பிக்கு,

நேரில் வந்து இரண்டு நாள் உன் வீட்டில் இருந்துவிட்டு வந்த பிறகும் உன்னிடம் பேச முடியாமல், மறுபடி கடிதமே எழுத வேண்டியிருக்கிறது. நான் வாயைத் திறந்த போதெல்லாம் நீ டீ போடப் போய்விட்டாய். இரண்டு நாளில் பதினோரு டீ. இவ்வளவு உபசாரம் என் கல்யாணத்தில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

இடுப்பு முறிந்து மூன்று வாரம் கழித்துச் சேதி. அதிலும் சித்தமாம். எந்த வண்டி மூன்று நிமிஷம் லேட் என்று மாய்ந்து மாய்ந்து எழுதுகிறவனுக்கு, சொந்த அப்பா எத்தனை மணிக்கு விழுந்தார், எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்று சொல்லத் தெரியவில்லை. "காலைல" என்கிறாய். உன் வீட்டுக்காரியைத் தனியாகக் கேட்டேன். "என்னைக் கேக்காதீங்க அண்ணி, உங்க தம்பியைக் கேளுங்க" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவைக் கேட்டேன். "வழுக்கிடுச்சும்மா, விடு" என்று சுவரைப் பார்த்தார்.

மூன்று பேரும் சேர்ந்து எதையோ மென்று முழுங்குகிறீர்கள். அது மட்டும் தெரிகிறது. இதற்கு நடுவிலும் நாலே முக்காலுக்கு உன் பின்னறைக் கதவு தாழ் விழுகிற சத்தத்தை இரண்டு நாளும் கேட்டேன். சபாஷ்.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

சுகம். நூறு நாள் முடிந்தது. முடித்தவர்கள் தங்கள் பதிவேட்டைச் சாட்சியாகக் குடும்பத்தில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஐக்கியத்தின் வழக்கம். இத்துடன் அனுப்புகிறேன். தயவுசெய்து ஒரு பக்கம் விடாமல் படியுங்கள்.

தம்பி

ஏப்ரல் 19

நலமா என்றெல்லாம் உன்னைக் கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 27. ஐம்பத்தெட்டாம் நாள். உட்கார்ந்த நேரம்: 4.45. தடை: 5.10 அப்பா கூப்பிடும் சத்தம். 5.20 விழுந்த சத்தம், மறுபடியும் கூப்பிடுதல், 5.50 வரை. ஜெயித்தேனா: ஆம். சமுகத்தை உணர்ந்தேனா: ஆம்.

உன் கையெழுத்து. குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

நூறு நாளையும் எண்ணிப் பார்த்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் நீ 'ஆம்' என்று எழுதியது அந்த ஒரே நாள்தான்.

நாற்பது நிமிஷம் அந்த மனுஷர் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். அதில் முப்பது நிமிஷம் எலும்பு முறிந்து தரையில் கிடந்தபடி. நீ ஜெயித்தாய். அதற்குப் பிறகும் நாற்பத்திரண்டு நாள் அதே பாயில் போய் உட்கார்ந்தாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நான் பார்க்காத அழுக்கு இல்லை. இப்படியொன்றை எந்தத் தொட்டியிலும் கழுவியதில்லை. உள்ளே உன்னிடம் வந்தது யாரோ, எனக்குத் தெரியாது. வெளியே கூப்பிட்டது யார் என்று தெரியும்.

இதை மறந்துபோய் அனுப்பினாயா, தெரிந்தே அனுப்பினாயா? மறந்துபோய் என்றால் நீ மடையன். தெரிந்து என்றால் கோழை. எதுவாக இருந்தாலும் இனி எனக்கு அக்கறையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து அப்பாவை என்னிடம் கூட்டிப்போகிறேன். நான் வரும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது. ஆராதனைக்குப் போ. நன்றாக ஆயத்தமாகிப் போ.

மே 11

அக்காவுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? கேட்கிற தகுதி எனக்கில்லை என்று தெரியும்.

தெரிந்துதான் அனுப்பினேன். அந்தத் தாளை மூன்று முறை கிழித்தெடுத்தேன், மூன்று முறையும் திரும்ப ஒட்டினேன். வாயால் சொல்ல தைரியம் வரவில்லை. டியூட்டிக்குப் போயிருந்தேன் என்று எழுதியது பொய். ஆறரைக்குக் கதவைத் திறந்தபோது அவர் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். "முடிஞ்சுதாப்பா ஜெபம்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் வெறும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன் அக்கா. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ இளகுகிற மாதிரி இருந்தது. அசைந்தால் போய்விடும் என்று பயந்தேன். அது உண்மையா, நானே உண்டாக்கிக்கொண்டதா என்று இப்போது தெரியவில்லை. அதற்குப் பிறகு தினமும் உட்கார்ந்தது அதைத் தேடி அல்ல. நிறுத்தினால் அன்றைக்கு என்ன நடந்தது என்று மற்றவர்கள் கேட்பார்களே என்றுதான்.

வந்து பார்க்கலாமா? அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

தம்பி

மே 19

தம்பிக்கு,

அப்பா நலம். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, துணி மாற்றிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். பகலில் மாடி வீட்டுத் தையல்காரி பார்த்துக்கொள்கிறாள். அவள் எந்த ஐக்கியத்திலும் இல்லை. கூப்பிட்டால் மிஷினை விட்டுவிட்டு வருகிறாள்.

உன் மனவருத்தக் கடிதம் கிடைத்தது. அழகாக எழுதியிருக்கிறாய். போன மாதம் பரிசுத்தம், இந்த மாதம் குற்ற உணர்ச்சி. உனக்கு எப்போதும் உன்னைப் பற்றியே ஏதாவது உருகிக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சுக்குள் இளகியதாம். கேட்க நன்றாக இருக்கிறது.

அப்பா உன்னைக் கேட்கவில்லை. ஒருநாள்கூட உன் பேச்சை எடுக்கவில்லை. நீ வர வேண்டாம். வந்து அவர் நிம்மதியைக் கெடுக்காதே.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியது நியாயம்தான். கேட்க மாட்டார் என்று எனக்கும் தெரியும்.

ஐக்கியத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். தலைவர் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அங்கே போவதில்லை. பதிவேடும் இல்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்பாவின் காலிக் கட்டிலில் உட்காருகிறேன். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும். ஜெபிக்க வாய் வரவில்லை. தெருவில் யாராவது யாரையாவது கூப்பிட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் என்னை இல்லை. தேவன் இனி என்னிடம் வருவாரா என்று தெரியாது. வந்தால் எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் இருக்கிறது.

வர வேண்டாம் என்றால் வரவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல் நீங்கள் எழுதும் ஒரு வரிகூட எனக்குப் போதும். சாப்பிட்டார், தூங்கினார் என்று எழுதுங்கள்.

தம்பி

ஜூலை 9

தம்பி,

நீயும் உன் வீட்டுக்காரியும் நலமா? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

நான் எழுதியது பொய். அப்பா உன்னைக் கேட்டார். இங்கே வந்த மறுநாள் காலையிலிருந்து கேட்டார். ஐந்து மணிக்குக் கண் விழித்ததும் முதல் பேச்சு அதுதான். "தம்பிய வரச்சொல்லும்மா. அவன் பயந்துபோயிருப்பான்." விழுந்தது அவர், பயந்துபோனது நீயாம். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அடுத்த நாளும் கேட்டார். டெப்போவில் ஆள் குறைவு என்றேன். எழுபத்திரண்டு நாள், ஒருநாள் தவறாமல் கேட்டார். நான் துணியை நனைத்துப் பிழிந்து முதுகைத் துடைத்துக்கொண்டே, ஒன்று மாற்றி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்த பிறகும் சொன்னேன்.

உன்னைத் தண்டிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அதுமட்டுமில்லை. காலையில் அவரைத் தூக்கும்போது, நான் அவனைப் போல இல்லை என்று ஒரு நினைப்பு வரும் பார், அது எனக்கு அவ்வளவு இனித்தது. முழங்கால் வலிகூடத் தெரியாது. உன்னை மனசுக்குள் ஒரு பாட்டம் கேவலமாகத் திட்டிவிட்டுத்தான் அன்றைய நாளையே தொடங்குவேன். தினமும் அதே நேரம். என் ஆயத்தம் அதுதான். உன்னைப் போல எழுதி வைத்திருந்தால் என்னாலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்க முடியும்.

நேற்றுக் காலை அவர் கண்ணைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார், சத்தம் வரவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறேன், இரண்டாவது பக்கவாதம் என்கிறார்கள். பேச்சு இனித் திரும்பாது என்கிறார்கள். ஆள் தெரிகிறது. காது கேட்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

நீ கேட்டும் எழுந்திருக்காதது நாற்பது நிமிஷம். என் கணக்கு உனக்குத் தெரிந்துவிட்டது. இனி உன்னைச் சொல்ல எனக்கு வாயில்லை.

தையல்காரியின் தம்பி இன்றைக்கே உன் ஊர்ப்பக்கம் வருகிறார், தபாலை நம்பாமல் அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிளம்பு. துணிமணி எடுக்க நிற்காதே. மன்னிப்பு, சாட்சி, ஜெபம் எதையும் கொண்டுவராதே. நேரே உள்ளே போய் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து, "கூப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேள்.

அக்கா